கடலுக்குத் திரும்பாத கட்டணம்

மீன்பிடி உரிமத்திற்காக மீனவர் செலுத்தும் பணம் எங்கே போகிறது? கேரளத்தில் இவ்வினாவுக்கு விடை சுருக்கமானது: அரசுக் கருவூலத்திற்கு. அங்கிருந்து அது மீனுக்குத் திரும்புகிறதா என்று அடுத்த வினாவைத் தொடுத்தால் விடை எளிதில் கிடைக்காது. படகின் பதிவுக் கட்டணம், உரிமக் கட்டணம், சட்டத்தை மீறியதற்கான அபராதம் ஆகிய யாவும் ஒரே பெருங்குளத்தில் சென்று கலக்கின்றன. மறுபுறம், கடலடியில் செயற்கைப் பார் அமைப்பதற்கும் மீன்குஞ்சு விடுவதற்கும் ஆகும் பணம் வேறொரு வாய்க்கால் வழியே, தில்லியும் திருவனந்தபுரமும் பங்கிட்டுக்கொள்ளும் திட்டங்களின் பெயரால் வருகிறது. செலுத்தியதற்கும் பெற்றதற்கும் இடையே இருந்திருக்க வேண்டிய நூல் அறுந்து கிடக்கிறது. அதை மீண்டும் முடிய வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் எவ்வாறு முடிவது, அதன் முனைகள் யார் யார் கையில் இருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மொழியியலில் முதுகலை பயின்ற எனக்கு மீன்வளப் பொருளியல் சொந்தத் துறையன்று. ஆயினும் இவ்விவாதத்தில் பாதி, சொற்களைப் பற்றிய விவாதமே என்பதால் அந்த வாயிலாக உள்ளே வருகிறேன். கட்டணம், வரி, பங்கு, குத்தகை, மகமை: இவை ஐந்தும் ஒருவர் கையிலிருந்து பணம் வெளியேறுவதையே குறிக்கின்றன. ஆனால் வெளியேறிய பணம் திரும்பி வருமா, எவ்வடிவில் வரும், அதைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதில் ஐந்தும் ஐந்து வகை.

முதலில் சட்டம் இச்சொற்களை எவ்வாறு பிரித்தது என்று பார்ப்போம். 1954ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சிரூர் மடத்து வழக்கு, சமய உரிமை பற்றிய வழக்காகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அதே தீர்ப்பில் வேறொரு செய்தியும் இருக்கிறது. சென்னை மாகாணத்து இந்து சமய அறநிலையச் சட்டம் மடங்களிடமும் கோயில்களிடமும் ஆண்டுதோறும் ஒரு தொகையைப் பெற்றது. அது கட்டணமா, வரியா என்ற வினா எழுந்தது. குறிப்பிட்ட ஒரு சேவைக்கு ஈடாகப் பெறப்பட்டு, அச்சேவைக்கெனத் தனியே வைக்கப்படுவதே கட்டணம். பொதுக் கருவூலத்தில் கலந்து, செலுத்தியவருக்கும் செலவுக்கும் தொடர்பின்றிப் போவது வரி என்று நீதிமன்றம் வகுத்தது. பெயர் எதுவாயினும், பணம் சென்று சேரும் இடமே அதன் இயல்பைச் சொல்லிவிடும் என்பது இதன் சாரம்.

பிற்காலத் தீர்ப்புகள் இவ்வேறுபாட்டைப் பெரிதும் தளர்த்திவிட்டன. ஒழுங்குபடுத்துவதற்காகப் பெறப்படும் உரிமக் கட்டணத்திற்கு நேருக்கு நேர் ஈடு காட்டத் தேவையில்லை என்பதே இன்றைய நிலை. எனவே, மீன்பிடி உரிமக் கட்டணம் மீனுக்கே செலவிடப்பட வேண்டும் என்று ஒருவர் வழக்குத் தொடுத்தால் வெல்வது கடினம். சட்டத்தின் கட்டாயம் போயிற்று, நியாயம் போகவில்லை. 'கட்டணம்' என்று பெயரிட்டுப் பெறுவதை 'வரி'யைப் போலச் செலவிடுவது, சொல்லுக்கும் செயலுக்கும் இடையே ஒரு பிளவை உண்டாக்குகிறது. அப்பிளவைக் கடற்கரை மக்கள் நன்கு அறிவார்கள்.

ஏனெனில் அவர்களுடைய சொல் கட்டணம் அன்று, பங்கு. பொழியூரிலிருந்து அஞ்சுதெங்கு வரையிலான கரையில் வள்ளம் கரையேறியதும் மீன் ஏலம் போகும். எரிபொருள், தீவனம் முதலிய பொதுச் செலவு கழியும். எஞ்சியது வள்ளத்திற்கும் வலைக்கும் உழைத்தவர்களுக்கும் பங்காகப் பிரியும். பிடிபட்டது மிகுதியானால் எல்லாருக்கும் மிகுதி. வெறும் வலை வந்தால் எல்லாருக்கும் வெறுங்கை. தென் திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்கள் பலவற்றில் தேவாலயத்திற்குச் சேர வேண்டியதும் பிடிபட்ட மீனில் ஒரு பங்காகவே எடுக்கப்பட்டது. அதைத் திரட்டும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. அம்முறையைப் பற்றிக் குறைகளும் உண்டு, கோபங்களும் உண்டு. ஆனால் அதன் இலக்கணம் ஒன்றுதான்: மீன் இல்லாத நாளில் யாரும் எதுவும் கேட்க முடியாது. தெற்கே வணிகர்களிடையே வழங்கிய மகமையும் இதே இலக்கணத்தைச் சேர்ந்தது. விற்பனையில் சிறு கூறு பொதுவுக்குப் போகும். அதில் பள்ளிக்கூடமும் கிணறும் எழும்பும். கொடுத்தவர் அதைக் கண்ணால் காண்பார்.

அரசின் உரிமக் கட்டணத்தின் இலக்கணம் இதற்கு நேர்மாறானது. படகின் நீளத்தை அளந்து அது நிர்ணயிக்கப்படுகிறது. சாளை கொழிக்கும் ஆண்டிலும் அதே தொகை. சாளை முகம் காட்டாத ஆண்டிலும் அதே தொகை. (வடக்கே மத்தி என்பதை இக்கரையில் சாளை என்பர்.) கடலின் நிலைக்கும் கட்டணத்திற்கும் எத்தொடர்பும் இல்லாதபோது, அதைச் செலுத்துபவர் அதைக் கடலுக்கான செலவு என்று கருத வேண்டிய காரணமும் இல்லாமல் போகிறது.

உலகின் வேறொரு மூலையில் இதே சிக்கலை வேறுவிதமாகக் கையாண்டார்கள். 1970களின் தொடக்கத்தில் அலாஸ்காவில் சால்மன் பிடிப்பு மிகவும் வீழ்ந்திருந்தது. 1972இல் அம்மாநிலம் தன் அரசமைப்பையே திருத்தி, மீன்பிடி அனுமதிகளின் எண்ணிக்கைக்கு வரம்பிட வழி செய்தது. 1974இல் இலாப நோக்கற்ற அமைப்புகள் குஞ்சு பொரிப்பகம் நடத்தச் சட்டம் இயற்றியது. பொரிப்பகத்திற்குப் பணம் வேண்டுமே. அதற்காக 1980இல் சால்மன் பெருக்க வரி வந்தது. வணிக முறையில் சால்மன் பிடிப்பவர், தாம் விற்கும் மீனின் மதிப்பில் 1 முதல் 3 விழுக்காடு வரை செலுத்த வேண்டும். அந்தந்த வட்டாரத்தில் ஈட்டிய பணம் அந்தந்த வட்டார மீன்வளர்ப்புச் சங்கத்திற்கே ஒதுக்கப்படுகிறது.

இதில் மூன்று கூறுகள் நம் கவனத்திற்கு உரியவை. முதலாவது, அது படகின் நீளத்தைப் பார்ப்பதில்லை. பிடிபட்டதன் மதிப்பைப் பார்க்கிறது. பெயரில் வரியாயினும் இலக்கணத்தில் அது பங்கு. இரண்டாவது, வட்டாரத்து அனுமதியாளர்கள் வாக்களித்து ஏற்றால் மட்டுமே அவ்வரி விதிக்கப்படும். விழுக்காட்டையும் அவர்களே தேர்வர். வேண்டாமென வாக்களித்து நீக்கவும் முடியும். மூன்றாவது கூறு சட்டம் பயில்வோருக்குச் சுவையானது. வருவாயைக் குறிப்பிட்ட செலவுக்கென முன்கூட்டியே கட்டிவைப்பதை அலாஸ்காவின் அரசமைப்பு பொதுவாக அனுமதிப்பதில்லை. எனவே பணம் முதலில் பொதுக் கருவூலத்திற்கே செல்கிறது. பிறகு சட்டமன்றம் ஆண்டுதோறும் அதே அளவு தொகையைச் சங்கங்களுக்கு ஒதுக்குகிறது. நம் நாட்டிலும் அரசின் வருவாய் தொகுப்பு நிதியில் சேர்ந்தாக வேண்டும் என்பது விதி. அவ்விதியைக் காட்டி, 'தனியே ஒதுக்க வழியில்லை' என்பது வாதமாகாது. வழி உண்டு, மனம் வேண்டும்.

அலாஸ்காவை இவ்வளவு புகழ்ந்த பிறகு அதை அப்படியே இங்கே இறக்குமதி செய்யலாம் என்று சொல்லப்போகிறேன் என்று நினைக்க வேண்டாம். சால்மனின் வாழ்க்கைதான் அந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்கிறது. ஆற்றில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும் மீன் அது. ஒரு வட்டாரத்து மீனவர் பணம் போட்டுக் குஞ்சு விட்டால், சில ஆண்டுகளில் அந்த மீன் பெரும்பாலும் அதே வட்டாரத்து வாசலுக்கு வந்து நிற்கும். விதைத்தவர் அறுக்கலாம். நம் சாளைக்கும் அயலைக்கும் அத்தகைய ஊர்ப்பற்று கிடையாது. கொல்லத்தார் காத்த குஞ்சைக் குளச்சலார் பிடிக்கலாம். விழிஞ்ஞத்தார் விட்டுவைத்ததை மங்களூரார் அள்ளலாம். சால்மனுக்கு வகுத்த கணக்கைச் சாளைக்குப் போட்டால் விடை தப்பும்.

பொரிப்பகத்தை நம்பியிருப்பதன் எல்லையைக் கலிபோர்னியா காட்டியது. அங்கும் வணிகச் சால்மன் மீனவர்கள் பல பத்தாண்டுகளாகத் தங்கள் உரிமத்தோடு சால்மன் வில்லை என்ற ஒன்றையும் விலைக்கு வாங்கி வந்தனர். அப்பணம் சால்மன் வளர்ப்புக்கும் மீட்புக்கும் செலவானது. ஆனால் ஆறுகளின் குறுக்கே அணைகள் நின்றன; வேளாண்மைக்கும் நகரங்களுக்கும் நீர் திரும்பியது; வறட்சி வந்தது; எஞ்சிய நீர் சூடேறியது. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து அம்மாநிலத்தில் வணிகச் சால்மன் மீன்பிடிப்பு முற்றிலும் மூடப்பட்டது. மீனவர் தம் கடனைச் செலுத்தியிருந்தனர். ஆற்றைச் சுருக்கியவர்களின் கணக்கு வேறெங்கோ இருந்தது. மீனைக் குறைத்தது ஒருவர், மீட்கப் பணம் தந்தது மற்றொருவர் என்றாகும்போது மீட்புப் பணி ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகிறது.

கட்டணத்தில் மீன் வளர்க்கும் வழக்கம் நமக்கும் முற்றிலும் புதிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். சால்மனின் நெருங்கிய உறவான டிரவுட் மீன் நீலகிரியிலும் மூணாற்றிலும் உண்டு. 1879ஆம் ஆண்டிலேயே நீலகிரிக்கென வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகம் எழுந்தது. தூண்டிலிட விரும்பியவர் உரிமம் பெற்றார். ஓடைகளில் குஞ்சு விடப்பட்டது. ஆனால் அது மீட்பன்று. அந்த மலையோடைகளுக்கு டிரவுட் அந்நியம்; தூண்டில் பிடித்த துரைமார்களுக்கு மட்டுமே அது சொந்த ஊர் மீன். பணமும் அதிகாரமும் யாரிடம் இருந்தனவோ அவர்கள் விரும்பிய மீனே வளர்ந்தது. அவ்வோடைகளில் முன்பே வாழ்ந்த சிறுமீன்களுக்காக யாரும் உரிமம் வாங்கவில்லை. கட்டண நிதியைப் பற்றிப் பேசும்போது இந்த ஆபத்தை மறக்கலாகாது. நிதியை ஆள்வோர் யார் என்பதே, எந்த மீன் பிழைக்கும் என்பதையும் முடிவு செய்யும்.

இனி நம் கரைக்கு வருவோம். திருவனந்தபுரத்துக் கடலடியில் இயற்கையான பாறைத் திட்டுகள் உண்டு. தமிழில் பார், மலையாளத்தில் பாரு. கரையிலுள்ள குன்றையும் கோபுரத்தையும் தென்னையையும் ஒன்றோடொன்று நேர்நிறுத்திப் பாரின் இடத்தைக் கடல்மேல் குறித்துக்கொள்ளும் கலைக்குக் கணிச்சம் என்று பெயர். 1953இல் நீண்டகரையில் தொடங்கிய இந்திய நார்வே கூட்டுத் திட்டத்தின் தொடர்ச்சியாக இழுவைமடி பரவியது. கடலடியை வழித்துச் செல்லும் இழுவைமடி மீனைப் பிடித்ததோடு மீன் தங்கும் இடத்தையும் சிதைத்தது. அப்போது இம்மாவட்டத்துச் சிறுதொழில் மீனவர்கள் செய்த காரியம் உலக மீன்வள ஆய்விலேயே இடம்பெற்றது. 1980களில் அவர்கள் தம்முள் பணம் திரட்டி, கல், தென்னங்குற்றி, பழைய டயர், சிமென்ட் வளையம் என்று கிடைத்ததைக் கொண்டு கடலுக்குள் தாங்களே பார் அமைத்தனர். வளர்ச்சி ஆய்வு மையத்தின் பேராசிரியர் ஜான் குரியன் இவற்றை மக்களின் செயற்கைப் பார்கள் என்று பெயரிட்டு விரிவாக எழுதினார்.

மீனவர் பணத்தில் மீன் மீட்பு என்பதற்கு அலாஸ்காவரை போக வேண்டியதில்லை. வலியதுறைப் பக்கமே போதும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அங்கே சட்டம் இல்லை, ரசீது இல்லை, அதிகாரி இல்லை. கொடுத்தவர் கைப்பணம் எந்த இடத்தில் கல்லாகக் கிடக்கிறது என்பதைக் கணிச்சம் வைத்தே சுட்டிக்காட்ட முடிந்தது. தணிக்கை என்பதற்கு இதைவிடத் தெளிவான வடிவம் ஒன்றை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. பாருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. சாளை அலையும், பார் அலையாது. பாரை நாடி வரும் மீன் அவ்வூர்த் தூண்டிலுக்கு எட்டும் தொலைவில் தங்கும். சால்மனின் ஊர்ப்பற்றுக்கு ஈடாக நம்மிடம் இருப்பது பாரின் அசைவின்மை.

2023ஆம் ஆண்டில் அரசும் அதே வழிக்கு வந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்ப வழிகாட்டுதலோடு, பொழியூர் முதல் வர்க்கலை வரையிலான 42 மீனவ ஊர்களுக்கு 6,300 செயற்கைப் பார்க் கூறுகளைக் கடலில் இறக்கும் திட்டம் விழிஞ்ஞத்தில் தொடங்கியது. மதிப்பு 13.02 கோடி ரூபாய். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ் மத்திய, மாநில அரசுகள் பங்கிட்ட பணம் அது. பின்னர் அப்பார்ப் பகுதிகளில் கடல் விரால், பொம்பானோ மீன்களின் குஞ்சுகளை விடும் முயற்சியும் தொடங்கியது. நல்ல திட்டம், குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டைச் சுட்டியாக வேண்டும். முதல் பார்களை மீனவர் தம்முடையவை என்றனர். இரண்டாம் பார்கள் அரசு தந்தவை. தந்ததைக் காப்பதற்கும் தம்முடையதைக் காப்பதற்கும் உள்ள தொலைவு பெரிது. இத்திட்டத்தில் அவ்வூர்களின் உரிமக் கட்டணத்திலிருந்து ஒரு ரூபாயேனும் சேர்ந்திருந்து, அது பலகையில் எழுதப்பட்டும் இருந்தால் அத்தொலைவு குறைந்திருக்கும்.

இங்கே மீனவர் தரப்பிலிருந்து ஓர் எதிர்வாதம் எழும், எழ வேண்டும். 'மீன் மீட்புக்கு நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை என்றா சொல்கிறீர்கள்?' என்பதே அது. பணமாக அல்ல, நாள்களாக அவர்கள் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1980ஆம் ஆண்டுக் கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும், 1988 முதல் நடைமுறைக்கு வந்த மழைக்கால இழுவைத் தடையும் அதிகாரிகளின் மேசையில் தாமாகப் பிறந்தவையல்ல. பாரம்பரிய மீனவர்கள் உண்ணாநோன்பிருந்தும் சிறை சென்றும் வாங்கியவை. இன்று ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவைப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. பஞ்ச காலத்திற்கென வழங்கப்படும் சேமிப்பு நிவாரணத்தில்கூட, கிடைக்கும் 4,500 ரூபாயில் 1,500 ரூபாய் மீனவர் தாமே முன்கூட்டிச் சேமித்தது. எஞ்சியதை இரு அரசுகளும் தலைக்கு 1,500 ஆகத் தருகின்றன. பிஞ்சு மீன் பிடிப்பதற்கு எதிரான குறைந்தபட்ச அளவு விதியும் அவ்வாறே. சாளை 10 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பிடிக்கலாகாது. பிடித்த படகுக்கு இரண்டரை இலட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படுகிறது. அந்த அபராதமும் கருவூலத்திற்கே.

இத்தனைக்குப் பிறகும் கடல் ஏமாற்றக்கூடும். 2012இல் கேரளத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் டன் சாளை பிடிபட்டது. 2021இல் வெறும் 3,297 டன். மிகைப்பிடிப்பு ஒரு காரணம்; கடலின் வெப்பமும் பருவத்தின் மாற்றமும் மற்றொரு காரணம் என்பர் ஆய்வாளர்கள். கட்டணம் கொண்டு பருவமழையை வாங்க முடியாது. ஆகவே மீட்பு நிதி என்பது மீனை உற்பத்தி செய்யும் பொறி என்று யாரும் வாக்குறுதி தரலாகாது. அது செய்யக்கூடியது மீன் ஒதுங்கவும் பெருகவும் இடம் விட்டுவைப்பது மட்டுமே: பார், கண்டல் காடு, கழிமுகம், பிஞ்சு வளரும் காயல். ஒருபுறம் தங்கி வாழும் உயிர்களிடத்தில் பலன் விரைவில் தெரியும். அஷ்டமுடிக் காயலின் பூவன் கக்காவுக்குப் பருவத் தடையும் வலைக்கண் அளவும் வகுத்துக் கடைப்பிடித்ததன் வழியாகவே 2014இல் அதற்குப் பன்னாட்டு நிலைத்த மீன்வளச் சான்று கிடைத்தது. இந்தியாவில் அச்சான்றைப் பெற்ற முதல் மீன்வளம் அதுவே. மறுபுறம் அலையும் மீன்களிடத்தில் பொறுமை வேண்டும்.

இப்போது மிக முக்கியமான இடத்திற்கு வருகிறேன். மீனவர் கொடுக்கிறார், சரி. கடலால் ஆதாயம் பெறும் மற்றவர்கள்?

ஏற்றுமதியாளரை எடுத்துக்கொள்வோம். 1985ஆம் ஆண்டுக் கேரள மீனவர் நலநிதிச் சட்டம், மீன் வணிகரும் ஏற்றுமதியாளரும் தம் விற்பனையில் ஒரு சிறு கூறு நலநிதிக்குத் தர வேண்டும் என்று விதித்தது. பங்கு இலக்கணத்தைச் சட்டத்திற்குள் கொண்டுவந்த அரிய முயற்சி அது. ஏற்றுமதி நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. மீனவர்களுக்கும் தங்களுக்கும் முதலாளி, தொழிலாளி உறவு இல்லை என்பது அவற்றின் வாதம். 2002இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்று அச்சுமையை நீக்கியது. சட்டத்தின் கண்ணில் மீனைப் பிடித்தவருக்கும் அதை விற்றுப் பொருளீட்டியவருக்கும் உறவில்லை என்றாயிற்று. மீன் மட்டும் இருவருக்கும் ஒன்றே. அத்தீர்ப்பு தொழிலாளர் நலநிதி பற்றியது. கடலின் வளத்தைக் காப்பதற்கான பங்கு என்ற வேறு அடிப்படையில், வேறு சொற்களில் அந்த முயற்சி மீண்டும் எழுத இடமுண்டா என்பதைச் சட்டம் அறிந்தோர் ஆராய வேண்டும்.

துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். 2015இல் பணி தொடங்கி 2025 மே 2 அன்று விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கரை அரிப்பையும் மீன்பிடி இடங்களின் இழப்பையும் முன்வைத்து 2022இல் மீனவர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். அரிப்புக்குத் துறைமுகமே காரணமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்திற்குள் நான் இங்கே புகவில்லை. என் வினா சிறியது. காட்டு நிலத்தை எடுப்பவர் ஈடாகக் காடு வளர்க்கப் பணம் கட்ட வேண்டும் என்று 2016இல் இந்நாடு தனிச் சட்டமே இயற்றி நிதியமும் அமைத்தது. கடலடியை எடுப்பவருக்கு அதற்கிணையான பொதுச் சட்டம் ஏன் இல்லை? மரம் வெட்டினால் கணக்கு. பார் மூடினால் கணக்கில்லை. நிலத்தில் நின்று சட்டம் எழுதுபவர்களுக்குக் கடலடி கண்ணில் படுவதில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

கப்பலையும் எடுத்துக்கொள்வோம். 2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி நோக்கிச் சென்ற எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் ஏறத்தாழ 640 கொள்கலன்களோடு மூழ்கியது. சில நாள்களில் இம்மாவட்டத்துக் கரைகளில் பிளாஸ்டிக் குருணைகள் மணலோடு மணலாகப் படிந்தன. கேரள அரசு உயர் நீதிமன்றத்தில் 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கோரியது. அவ்வழக்கின் முடிவு எதுவாயினும், ஒப்புக்காக ஒரு கணக்குப் பாருங்கள்: 42 ஊர்களின் பார்களுக்கு ஆன 13.02 கோடியைப் போல எழுநூறு மடங்குக்கும் மேற்பட்ட தொகை ஒற்றைக் கப்பலின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. மீனவரின் உரிமக் கட்டணத்தை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த ஒப்பீட்டில் அது துளிதான்.

துளியாயின் அதைப் பற்றி இவ்வளவு எழுதுவானேன்? தொகைக்காக அல்ல, உரிமைக்காக. தன் பணம் ஒரு நிதியில் இருக்கிறது என்று சொல்லக்கூடியவருக்கே அந்நிதியின் மேசையில் இடம் கிடைக்கும். வெறும் பயனாளியாக இருக்கும்வரை மீனவர் விண்ணப்பம் எழுதலாம். பங்காளியான பிறகு கணக்குக் கேட்கலாம். விண்ணப்பத்துக்கும் கணக்குக் கேட்பதற்கும் மொழியின் தொனியே வேறு.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 2001ஆம் ஆண்டு ஆற்று மணல் சட்டத்தின்கீழ், மணல் விற்ற பணத்திலிருந்து ஆற்றுப் பராமரிப்பு நிதி உருவாக்கப்பட்டது. கருத்து நல்லது. ஆனால் மணல் அள்ளினால்தான் நிதி நிறையும்; நிதி நிறைந்தால்தான் ஆறு காக்கப்படும் என்ற வட்டத்தில், காப்பவரே அள்ளுவதை விரும்பும் நிலை உருவாகக்கூடும். மீன் மீட்பு நிதியும் பெரும் பிடிப்பை மட்டுமே நம்பியிருந்தால் அதே குழியில் விழும். நிதி மெலிந்த ஆண்டில்தான் கடலுக்கு அது மிகவும் தேவைப்படும். எனவே நல்ல ஆண்டின் பங்கு வறண்ட ஆண்டுக்குச் சேமிக்கப்பட வேண்டும். அடித்தளத் தொகை மீனவரல்லாதோரிடமிருந்து வர வேண்டும்.

இவற்றையெல்லாம் திரட்டி நான் முன்வைப்பது இது.

ஒன்று: சிறு வள்ளங்கள் மீது புதிய கட்டணம் எதுவும் வேண்டாம். இப்போது பெறப்படும் உரிமக் கட்டணமும் அபராதமும் ஈட்டும் தொகைக்கு இணையான தொகையை ஆண்டுதோறும் சட்டமன்றம் தனியொரு கடல் மீட்பு நிதிக்கு ஒதுக்கட்டும். பிஞ்சு மீனைப் பிடித்த படகின் அபராதம், பிஞ்சு வளரும் இடத்தைக் காக்கச் செலவாவதைவிடப் பொருத்தமான செலவு வேறில்லை.

இரண்டு: பெரிய விசைப்படகுகளுக்குப் படகின் நீளத்தைப் பார்க்காமல், விற்பனை மதிப்பில் சிறு பங்கு என்ற முறைக்கு மாறலாம். 2021ஆம் ஆண்டு மீன் ஏலச் சட்டம் ஏலத் தரகுக்கு 5 விழுக்காடு என்று உச்சவரம்பு வகுத்தது. ஏலத்தைப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்துவிட்டால் பங்கைக் கணக்கிடுவது கடினமன்று.

மூன்று: துறைமுகம், கடல்மணல் அகழ்வு, கப்பல் போக்குவரத்து ஆகியவை நிதியின் அடித்தளத்தைத் தர வேண்டும். மீனவர் பங்கு அதன்மேல் அமரட்டும். இந்த வரிசை மாறலாகாது. முதலில் மீனவரிடம் வாங்கிவிட்டு மற்றவரைப் பிறகு பார்ப்போம் என்றால், அந்தப் 'பிறகு' வராது.

நான்கு: நிதியை ஆளும் குழுவில் செலுத்துபவருக்கு மட்டுமன்றிச் செலுத்தாதவருக்கும் இடம் வேண்டும். மீன் கூடையைச் சுமந்து நகரத்துத் தெருக்களில் விற்கும் பெண்களின் பெயரில் படகு உரிமம் இல்லை. ஆனால் எந்த மீன் கரைக்கு வருகிறது என்பதில் அவர்களின் அடுப்பு எரிகிறது. நீலகிரி டிரவுட்டின் பாடம் இதுவே. வாக்குரிமை பணத்தோடு மட்டும் கட்டப்பட்டால், ஏற்றுமதிக்கு உகந்த மீனே மீளும். ஏழை உண்ணும் சாளைக்கும் நெத்தோலிக்கும் பேசுவார் இருக்கமாட்டார்.

ஐந்து: ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் ஒரு பலகை. இவ்வாண்டு இவ்வூரிலிருந்து சென்றது இவ்வளவு, மற்றவரிடமிருந்து வந்தது இவ்வளவு, செலவானது இவ்வளவு, இன்ன இடத்தில். மலையாளத்தில் எழுதட்டும்; பொழியூர்ப் பக்கத்தில் தமிழிலும் எழுதட்டும். அச்சிட்ட அறிக்கை தலைமைச் செயலகத்துக்குப் போதும். கரைக்குப் பலகை வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெரும் பணம் கேட்பதன்று. முதல் இரண்டும் கணக்கை மாற்றி எழுதுவது. நான்காவதும் ஐந்தாவதும் மரியாதை சார்ந்தவை. மூன்றாவதற்கு மட்டும் அரசியல் துணிவு தேவை. அதனால்தான் அது கடைசியாகப் பேசப்படும் என்று அஞ்சுகிறேன். அதனாலேயே அதை முதலில் பேச வேண்டும் என்கிறேன்.

மீன்வளத் துறையிலும் சட்டத் துறையிலும் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், குறிப்பாக ஏற்றுமதிப் பங்கு பற்றிய பகுதியில், உங்கள் கருத்தை விரிவாக எழுதுங்கள். கடற்கரை ஊர்களைச் சேர்ந்த நண்பர்களிடம் வேறொரு வேண்டுகோள்: உங்கள் ஊரில் பொதுப் பங்கு எடுக்கும் வழக்கத்திற்கு என்ன பெயர், அப்பணத்தில் என்னென்ன நடந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு இங்கே பதியுங்கள். நாளை ஒரு சட்ட வரைவு எழுதப்படுமானால், அதில் 'கட்டணம்' என்ற சொல்லுக்குப் பதிலாக எழுதுவதற்கு நம்மிடம் நல்ல சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்பதையாவது காட்டலாம்.